கம்யூனிகேஷன் ஸ்கில்னா இங்கிலீஷா? ஒரு சின்ன வரலாறு

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்தா எல்லா இன்ஜினியரிங் காலேஜ்லயும் அடிபடுற ஒரு வார்த்தை, கம்யூனிகேஷன் ஸ்கில். "பையன் கோடிங் நல்லா பண்றான், கம்யூனிகேஷன்தான் கொஞ்சம் வீக்"னு யாராவது சொன்னா, நம்ம ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான்: இங்கிலீஷ் சரளமா வரல. அந்த ஒரு வரியால எத்தனையோ பேருக்கு முதல் வேலை தள்ளிப்போயிருக்கு. ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸோட முன்னோடிகள் இதைப் பத்திப் பேசினப்போ அவங்க மனசுல இருந்தது இதுதானா?

1975-லேர்ந்து ஆரம்பிப்போம். ஐபிஎம்ல ஓஎஸ்/360 திட்டத்தை நடத்தின ஃப்ரெட் புரூக்ஸ், அந்த வருஷம் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' புத்தகத்தை வெளியிட்டார். அதுல ஒரு எளிய கணக்கு வரும். 3 பேர் இருக்கிற டீம்ல பேசிக்க வேண்டிய ஜோடிகள் 3. 10 பேர்னா 45. 50 பேர்னா 1225. ஆள் கூடக்கூட, ஒருத்தருக்கொருத்தர் விளக்குறதுலயே நேரம் போயிடும். ஏற்கெனவே தாமதமான திட்டத்துல ஆள் சேர்த்தா இன்னும் தாமதமாகும்னு அவர் சொன்னதுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒருத்தர் தெளிவா எழுதலைன்னா டீம்ல எல்லாருக்கும் நஷ்டம்.

அதே 1975-ல எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு குறிப்பு எழுதினார். ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதம்ல நாம படிச்ச அதே டைக்ஸ்ட்ராதான். நல்ல புரோகிராமருக்குக் கணித நாட்டத்தோட, தாய்மொழியில அசாத்தியமான தேர்ச்சியும் வேணும்ங்கிறது அவர் கருத்து. கவனிங்க, தாய்மொழி! அவரோடது டச்சு. அவரே ஏராளமா ஆங்கிலத்துல எழுதினவர், அதனால ஆங்கிலம் வேண்டாம்னு அவர் சொன்னதா எடுத்துக்க முடியாது. எனக்குப் புரிஞ்சது இதுதான்: யோசனை குழம்பியிருந்தா எந்த மொழியில எழுதினாலும் குழப்பம்தான் வரும். தெளிவா யோசிக்கப் பழக, நமக்கு நல்லா கைவந்த மொழிதான் சரியான இடம்.

அடுத்து 1987, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். டொனால்டு க்னூத் அங்கே 'மேத்தமெட்டிக்கல் ரைட்டிங்'னு ஒரு பாடம் நடத்தினார். லெஸ்லி லாம்போர்ட், பால் ஹால்மோஸ் மாதிரி பெரிய ஆட்கள் வந்து வகுப்பெடுத்தாங்க. உச்சரிப்புப் பயிற்சி எல்லாம் அங்கே கிடையாது. வாக்கியத்தைக் குறியீட்டோட ஆரம்பிக்காதே, ஒரு வரையறையை ரெண்டு விதமா சொல்லிப் பாரு, படிக்கிறவருக்கு இந்த இடத்துல என்ன தெரிஞ்சிருக்கும்னு யோசி. இப்படித்தான் பாடம் போச்சு. அந்த வகுப்புக் குறிப்புகள் 1989-ல புத்தகமாவும் வந்துச்சு.

2000-ல எம்.ஐ.டி. இன்னொரு படி மேல போச்சு. பேராசிரியர்கள் ஓட்டுப் போட்டு, எல்லா இளநிலை மாணவர்களுக்கும் எழுத்தும் பேச்சும் சேர்ந்த நாலு பாடங்களைக் கட்டாயமாக்கினாங்க. அதுல ரெண்டு, அவங்கவங்க துறைக்குள்ளேயே. அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர், கம்ப்யூட்டர் சயின்ஸை எழுதியே எழுத்தைக் கத்துக்கணும்.

இங்கதான் ஒரு கேள்வி வருது. ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. மாணவர்கள்ல பெரும்பாலானவங்க ஆங்கிலத்துலயே வளர்ந்தவங்க. கம்யூனிகேஷன்னா இங்கிலீஷ்தான்னா, அவங்களுக்கு எதுக்கு இத்தனை பாடம்?

நம்ம நாட்டு விதிகளும் இதைத்தான் சொல்லுது. 2014-ல இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்துல முழு உறுப்பினர் ஆச்சு. நாங்க படிச்ச காலத்துல என்.பி.ஏ. அங்கீகாரத்துக்கு, ஒரு பொறியாளருக்கு இருக்க வேண்டிய 12 திறன்களோட பட்டியல் இருந்துச்சு. பத்தாவது, கம்யூனிகேஷன். அறிக்கை எழுதுறது, டிசைன் ஆவணம் எழுதுறது, தெளிவா அறிவுறுத்தல் கொடுக்குறது, வாங்குறது, எல்லாம் அதுல உண்டு. இங்கிலீஷ்ங்கிற வார்த்தை இல்லை!

ஆனா காலேஜ்ல இதுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் கடைசி நேர ஜிடி பயிற்சியும், மனப்பாடம் பண்ண செல்ஃப் இன்ட்ரோவும்தான். வேலையில இங்கிலீஷ் தேவைதான், மறுக்கல. மெயில், பக் ரிப்போர்ட் எல்லாமே அதுலதான். அதைக் கண்டிப்பா கத்துக்கணும். ஆனா மொழி வேற, விளக்குற திறன் வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டினா, நல்லா விளக்கத் தெரிஞ்ச தமிழ் மீடியம் பொண்ணு வெளியே நிப்பா. சரளமாப் பேசி ஒண்ணும் புரியவைக்காதவர் உள்ளே போயிடுவார்.

இதுக்குப் புதுப் பாடம்கூட வேண்டாம். லேப் ரெக்கார்டு இருக்கே! வாரா வாரம் எய்ம், அல்காரிதம், ரிசல்ட்னு பார்த்து எழுதுற அதே நோட்டுல, இந்த டேட்டா ஸ்ட்ரக்சரை ஏன் எடுத்தேன், எங்கே உடைஞ்சுது, எப்படிச் சரி பண்ணினேன்னு ஒரு பக்கம் எழுதச் சொன்னா போதும். ஜூனியர் அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டா மார்க்.

காலேஜ் மாறுறவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் நீங்க எழுதின ஒரு கோடை எடுத்துக்கோங்க, தமிழ்லயே ஒரு பக்கம் விளக்கி எழுதுங்க. நண்பர்கிட்ட கொடுங்க. அவர் எந்த வரியில நிக்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்க. அப்புறம் அதையே இங்கிலீஷ்ல எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.