வாள் ஏந்திய கடல்கன்னி

போலந்தின் தலைநகர் வார்சாவில் டிராம் வண்டி, மாநகராட்சிக் கடிதம் என எங்கும் ஒரு பெண்ணைப் பார்க்கலாம். இடுப்புக்குக் கீழே மீன்வால். ஒரு கையில் ஓங்கிய வாள், மறு கையில் கேடயம். நகரத்தின் சின்னம் அவள்.

ஆனால் அவள் பெண்ணாகப் பிறந்தவள் அல்ல. கிடைத்திருக்கும் மிகப் பழைய நகர முத்திரை 1390-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் இருப்பது ஆண் தலையும் டிராகன் உடலும் கொண்ட ஒரு விலங்கு. காலப்போக்கில் அதற்குப் பெண்ணுடல் வந்தது. 1622-ஆம் ஆண்டு முத்திரையில் மீன்வாலும் வந்துவிட்டது. அந்த முத்திரை பதிந்தால்தான் நகரமன்றத்தின் ஆவணம் செல்லும். அதைப் பதிக்கும் கைகளோ ஆண்களுடையவை. போலந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1918-இல். வார்சாவின் மேயர் நாற்காலியில் முதல் பெண்ணாக ஹன்னா குரோன்கியெவிச்-வால்ட்ஸ் அமர்ந்தது 2006-இல். முத்திரையில் பெண் ஏறி ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் கழித்து!

இந்தச் சின்னத்தின் வரலாற்றில் பெயர் தெரிந்த இரு பெண்கள் உண்டு. ஒருவர் சிற்பி லுட்விகா நிச்சோவா. 1930-களில் மேயர் ஸ்டெஃபான் ஸ்டார்ஷின்ஸ்கியின் காலத்தில், கடல்கன்னிக்குச் சிலை வைக்கும் பணி அவரிடம் வந்தது. விஸ்துலா ஆற்றின் நடுவே, பச்சைக் கண்ணாடியில், 20 மீட்டர் உயரத்தில் அவளை நிறுத்த வேண்டும் என்பது அவர் கனவு. செலவு கட்டுப்படியாகவில்லை. 1939-இல் ஆற்றங்கரையில் வெண்கலச் சிலையாக அவள் எழுந்தாள்.

மற்றவர், சிலைக்கு மாதிரியாக நின்ற கிறிஸ்டினா கிராஹெல்ஸ்கா. பல்கலைக்கழக மாணவி, கவிதை எழுதுபவர். தெருவில் யாரும் அவரை அடையாளம் கண்டு சங்கடப்படுத்திவிடக் கூடாது என்று சிற்பி முகச்சாயலைச் சற்று மாற்றினார் என்பார்கள். உடல் ஊருக்குப் பொதுவாகலாம். முகம் வெளியே தெரிந்தால் ஒரு பெண் நிம்மதியாக நடமாட முடியாது. எந்த ஊரில்தான் இது புரியாது?

அதே ஆண்டு போர் வந்தது. 1944 ஆகஸ்ட் 1 அன்று, நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிரான வார்சா எழுச்சி தொடங்கியது. கிராஹெல்ஸ்கா அதில் செவிலி. ஆயிரக்கணக்கான பெண்கள் அவரைப் போலக் காயங்களுக்குக் கட்டுப் போட்டார்கள், செய்தி சுமந்து ஓடினார்கள். முதல் நாளே, காயம்பட்டவருக்கு உதவப் போனபோது அவர் சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். வயது 30. அவர் 1943-இல் எழுதிய பாடலைப் போராளிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டமானது. ஆற்றங்கரைச் சிலை தப்பியது.

போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி சின்னத்தின் மேலிருந்த கிரீடத்தை எடுத்தது. 1990-இல் அது திரும்பியது. ஒவ்வொரு ஆட்சியும் தன் கணக்கைச் சின்னத்தில் எழுதிக்கொண்டது. வாளை மட்டும் யாரும் தொடவில்லை.

கிராஹெல்ஸ்கா இறந்தபோது ஏந்திச் சென்றது வாள் அல்ல, மருந்துப்பை. அவர் செய்த வேலைக்கு எந்த முத்திரையிலும் இடமில்லை. ஒரு நகரத்தின் சின்னத்தில் பெண்ணைப் பார்த்தால் பெருமைப்படுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்போம்: அதைப் பதிக்கும் உரிமை யாரிடம் இருந்தது? அவள் கையில் எதைக் கொடுத்தார்கள், எதை எடுத்துவிட்டார்கள்?