ஆறு ஆண்டுகளும் எட்டு மாதங்களும்

பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் என்னுள் ஓர் எண்ணம் எழுவதுண்டு. பெயர், நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர் என ஒரே வரியில் இறையருளின் தொடக்கம் அடங்கிவிடுகிறது. அதன்பின் அவ்வருள் என்ன ஆயிற்று என்பதை அந்த ஏடு சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது வாழ்க்கையே.

அவ்வாறு சொன்ன ஒரு வாழ்வை நம் மண்ணே கண்டிருக்கிறது. 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரசில் அலுவலராய் இருந்தவர். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவராய் உயர்ந்த டச்சு வீரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது மரபு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைத் துறவி புத்தாரி அடிகளார் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்னும் விவிலியப் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. கடவுளே துணை என்பது அதன் பொருள்.

அன்று தொடங்கி, ஆரல்வாய்மொழியின் காற்றாடிமலையில் 1752 சனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்படும் வரை, அவர் கிறிஸ்தவராய் வாழ்ந்தது ஆறு ஆண்டுகளும் எட்டு மாதங்களுமே. நம்மில் பலர் அதனினும் பன்மடங்கு காலம் கிறிஸ்தவர்களாய் இருக்கிறோம்!

அருள் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. இறைவனின் இலவசக் கொடையாகிய அது, நம் ஒத்துழைப்பாலும் நற்செயல்களாலும் வளர்கிறது என்று 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் கற்பித்தது. தேவசகாயத்தின் அருள் முதலில் இல்லத்தில் வளர்ந்தது. மனைவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். அடுத்து அது பந்திக்கு வந்தது. உயர்குலத்தவராகிய அவர் சாதி பாராமல் எல்லாரோடும் அமர்ந்து உண்டார். அக்காலச் சமூகம் பொறுக்காதது இதையே. 1749-இல் அவர் கைதானார். பதவி போயிற்று, எருமை மீதேற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றனர். மனிதர் தந்த யாவும் பறிபோன பின்னும் இறைவன் தந்தது மட்டும் விலங்குகளுக்கிடையே வளர்ந்து கொண்டிருந்தது.

ஆயினும் வரலாறு நமக்கு ஒரு கசப்பான பக்கத்தையும் காட்டுகிறது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், ஒரே பீடமும் இரு கிளைகளுமாய்க் கட்டப்பட்டது. ஒரு சாதியினர் மறு சாதியினரைக் காணாமலே திருப்பலி காணலாம். இருவரும் உட்கொண்டது ஒரே நற்கருணை. இடையே நின்றதோ சுவர்! 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது, வழக்கும் தொடர்ந்தது. திருமுழுக்குத் தண்ணீர் அங்கே வற்றிவிடவில்லை. பெற்ற அருளை வளரவிடாமல் மனிதர் தடுத்தனர் என்பதே உண்மை.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் என அறிவித்தார். அப்பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டை உரோமை அதற்கு முன்பே நீக்கிவிட்டது. அவர் பந்தியில் அமர்ந்து கடந்ததை, பெயரில் கடக்க நமக்கு ஏறத்தாழ 270 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இனி நம் பங்கிற்கு வருவோம். கல்லறைத் தோட்டத்தில் வேலி உண்டா? திருவிழாத் தேர் நுழையாத தெரு உண்டா? பிள்ளைகளின் திருமணப் பேச்சில் நாம் முதலில் கேட்பது எது? ஒப்புரவு அருள்சாதனத்திற்கு ஆயத்தம் செய்கையில் இவற்றையும் நம் மனச்சான்று தொடட்டும். நம் பெயர் எழுதப்பட்ட அந்த ஒற்றை வரி இன்னும் முடியவில்லை. அதைத் தொடர்ந்து எழுத இறைவன் இன்றும் அருள் தருகிறார்.