விட்டுசித்தரும் கோதையும்: ஒரு கதைமரபின் வளர்ச்சி

ஒரு பெண் தன் மனம் நாடுவது இன்னதென்று தானே உணர்ந்து அறிவிப்பதில் அவளை வளர்த்துக் கற்பித்த ஆசானுக்கு எத்தகைய பங்குண்டு என்னும் வினா, தமிழில் நாவல் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருவில்லிபுத்தூரை மையமாகக் கொண்ட ஒரு கதைமரபில் எழுந்துவிட்டது. தந்தையும் ஆசானுமான பெரியாழ்வார் என்னும் விட்டுசித்தரும் ஆண்டாள் என்னும் கோதையும் அக்கதையின் மாந்தர். இவர்களது காலம் பெரும்பாலும் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் இவ்விருவரின் உறவு எல்லாக் காலத்திலும் ஒரே விதமாகச் சொல்லப்படவில்லை.

முதற்சான்று கோதையின் பாடல்களே. திருப்பாவையின் 30 பாடல்களும் நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களும் அவர் பெயரில் வழங்குகின்றன. நாச்சியார் திருமொழியிலுள்ள 14 திருமொழிகளில் (ஒரு பொருள் குறித்துப் பாடப்பட்ட பாடல் தொகுதி திருமொழி எனப்படும்) பெரும்பாலானவை, பாடியவர் பெயரைக் கூறும் முத்திரைப் பாடலில் கோதையை விட்டுசித்தரின் மகளாகவோ வில்லிபுத்தூர்த் தலைவரின் மகளாகவோ அடையாளப்படுத்துகின்றன. இதை மட்டும் கொண்டு அவர் தந்தையின் நிழலில் நின்றவர் என்று முடிவுகட்டுவது பிழையாகும். மானிடர்க்கு மனைவியாகப் பேசப்பட்டால் உயிர் வாழேன் என முதல் திருமொழியிலேயே அறிவிப்பவர் கோதையே. தோழியிடம் சொல்லும் திருமணக் கனவில் இந்திரன் முதலியோர் பெண் கேட்க வருகின்றனர், துர்க்கையாகிய அந்தரி மணமாலை சூட்டுகிறாள், உடன்பிறந்தார் பொரிச் சடங்கைச் செய்விக்கின்றனர். மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் தந்தையை மட்டும் அங்கே காணமுடிவதில்லை. ஆனால் ஏக்கம் முற்றிய நிலையில் தந்தை வருகிறார். பத்தாம் திருமொழியின் இறுதியில், விட்டுசித்தர் தம் தேவரைத் தமக்கு வல்லவாறு வரவழைத்தால் அப்போது காண்போம் என்கிறாள் மகள். பதினோராம் திருமொழியின் இறுதியில், இறைவன் உரைத்த மெய்யுரையை விட்டுசித்தர் கேட்டறிந்தவர் என்பதையே சான்றாக்கி அவ்விறைவனிடம் நியாயம் கேட்கிறாள். விருப்பம் மகளுடையது, அது நிறைவேறும் என்ற உறுதிக்குப் பிடிப்பாக இருப்பது ஆசானின் அறிவு. ஆசான் சீடர்மேல் கொண்ட பரிவே கரைசேர்க்கும் என்னும் ஆசாரிய அபிமானக் கொள்கைக்குச் சான்றாக வைணவ மரபு இதனைக் கொண்டது.

பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்து, எட்டாம் திருமொழி மகளைத் திருமாலிடம் இழந்த தாயின் கூற்றாக அமைந்தது. அகப்பொருள் மரபின் நற்றாய்க் கூற்றை ஒத்த அப்பாடல்களை வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லையெனினும், பிற்காலத்தார் அவற்றைக் கோதையோடு பொருத்திப் படித்ததில் வியப்பில்லை.

சூடிக்கொடுத்தவள் (இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடிய பின் கொடுத்தவள்) என்னும் அடையாளம், நூலுக்கு முன்னர் ஓதப்பெறும் பாயிரப் பாடலான தனியனில், வைணவ ஆசாரியரான நாதமுனிகளின் சீடர் உய்யக்கொண்டார் வாயிலாக இடம்பெறுகிறது. ஆசாரியர்களின் வரலாறு கூறும் குருபரம்பரை நூல்கள் அதை முழுக் கதையாக்கின. மகள் சூடிய மாலையைக் கண்டு கடிந்த தந்தை, இறைவன் விரும்புவது அம்மாலையையே என்று அறிந்து தம் கருத்தை மாற்றிக்கொள்கிறார். பின்னர் யாரை மணப்பாய் என வினவி, திருப்பதிகள்தோறும் உறையும் பெருமாள்களின் பெருமையை அவர் எடுத்துரைக்க, அவள் திருவரங்கத்து இறைவனான அரங்கனைத் தேர்கிறாள். தேர்வுக்குரிய அறிவைத் தந்துவிட்டுத் தேர்வை மகளிடமே விடும் இந்த ஆசான், இடைக்காலக் கதையாசிரியர்களின் அரிய படைப்பு. கற்பித்தவரே மாணவியால் திருத்தம் பெறுவது அதனினும் அரியது.

1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் தெலுங்குக் காப்பியமான ஆமுக்தமால்யதா கதையின் எடையை ஆசானின் பக்கம் சாய்த்தது. சூடிக்கொடுத்தவள் என்று மகளைக் குறிக்கும் பெயரைத் தாங்கிய அந்நூலுக்கு விஷ்ணுசித்தீயம் என்ற மறுபெயரும் உண்டு. ஆறு ஆசுவாசங்களில் (காப்பியப் பிரிவுகளில்) மகள் ஐந்தாவதில்தான் வருகிறாள். மதுரை அரசவையில் விஷ்ணுசித்தர் நிகழ்த்தும் சமயவாதமும் கிளைக்கதைகளும் முன்பகுதியை நிறைக்கின்றன. மகளின் காதல்நோயை உணராத தந்தை இறைவனிடமே விளக்கம் கேட்கிறார். உலகுக்கு உபதேசித்தவர் தம் வீட்டுப் பெண்ணின் மனத்தை அறியாமல் நிற்கும் அவ்விடம் காப்பியத்தின் கூர்மையான பகுதிகளுள் ஒன்று.  

ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் 1968-இல் வெளியான ‘திருமால் பெருமை’ திரைப்படம், சிவாஜி கணேசன் ஏற்ற பெரியாழ்வார் பாத்திரத்தின் வழியே மாலைக் கதையைப் பெருந்திரளான மக்களிடம் சேர்த்தது. அக்கதையின் புகழ் பாடல்களின் குரலைப் பின்தள்ளிவிட்டது என்றே கூறவேண்டும். கோதையைப் புனைவாக்க முனைவோரும் ஆராய்வோரும் நாச்சியார் திருமொழியின் பத்தாம், பதினோராம் திருமொழிகளிலிருந்து தொடங்கவேண்டும். தந்தை அவருக்கு யாராக இருந்தார் என்பதை அவர் வாய்மொழியிலேயே கேட்டபின் பிறர் சொன்ன கதைகளுக்குச் செல்லலாம்.