ஒரு டொலருக்கு வாங்கிய பாடசாலைக் காணி

பாடசாலைக்கு யாராவது காணி தந்தால் அவருடைய பெயரைக் கல்லில் பொறித்து வைப்போம். காணி உறுதியைக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பவர்கள் நம்மில் குறைவு. அப்படி வாங்கிய ஒரு காணியின் வரலாறு இது. இடம், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரம்.

அங்கே 1890களில் வில்லியம் லவ் என்பவர் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கி, பணம் இல்லாமல் பாதியில் கைவிட்டார். அந்தக் கிடங்கில்தான் 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்ற இரசாயனக் கம்பனி தன் கழிவுகளைப் புதைத்தது. ஏறத்தாழ 21,000 தொன். பிறகு களிமண்ணால் மூடி, நகரக் கல்விச் சபைக்கு ஒரே ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்தது.

காணியில் இரசாயனக் கழிவு நிரப்பப்பட்டிருக்கிறது, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தாலும் கம்பனி பொறுப்பல்ல என்று உறுதியிலேயே எழுதியிருந்தது. ஆகவே சபை தெரியாமல் வாங்கவில்லை. கட்டடத்துக்குத் தோண்டும்போது இரசாயனக் குழிகள் அகப்பட்டன. கட்டடத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள், அவ்வளவுதான். 1955இல் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஓர் ஆசிரியனாக எனக்குக் கம்பனியை விட இந்தச் சபை மீதுதான் கோபம் அதிகம்.

சுற்றிவர வீடுகள் எழும்பின. வீதிக்கும் கழிவுநீர்க் குழாய்களுக்கும் வெட்டியதில் களிமண் மூடி பழுதாகியது. 1970களின் நடுப்பகுதியில் மழையும் பனியும் மிஞ்ச, கால்வாய் தொட்டி மாதிரி நிரம்பி வழிந்தது. பீப்பாய்கள் மண்ணுக்கு மேலே வந்தன. வீடுகளின் நிலவறைகளில் கறுப்பாக ஏதோ கசிந்தது.

லொயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாயின் மகன் அந்தப் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகு நோயாளியானான். வேறு பாடசாலைக்கு மாற்றித் தரக் கேட்டார், சபை மறுத்தது. அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையொப்பம் சேர்த்தார். 1978 ஓகஸ்ட் 2ஆம் திகதி மாநில சுகாதார ஆணையாளர் பாடசாலையை மூடச் சொன்னார். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் வெளியேற வேண்டும் என்றார். சில நாட்களில் ஜனாதிபதி காட்டர் அவசரநிலை பிரகடனம் செய்தார். முதலில் கால்வாயை ஒட்டியிருந்த 239 குடும்பங்களுக்குத்தான் வழி கிடைத்தது. மற்றவர்கள் 1980 வரை போராட வேண்டியிருந்தது. பக்கத்துக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த கறுப்பின மக்களைப் பற்றி அன்றைய செய்திகள் அதிகம் பேசவுமில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் 'சுப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது. கழிவைப் புதைத்த காலத்தில் அது சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தாலும், புதைத்தவனே துப்புரவுச் செலவைக் கட்ட வேண்டும் என்றது. 1995இல் ஹூக்கரை வாங்கியிருந்த ஒக்சிடென்டல் கம்பனி மத்திய அரசுக்கு 129 மில்லியன் டொலர் கொடுக்கச் சம்மதித்தது.

துப்புரவு என்றதும் அள்ளி எடுத்துவிட்டார்கள் என்று நினைப்போம். இல்லை. ஓடைகளிலும் குழாய்களிலும் படிந்திருந்த சேற்றை அகற்றினார்கள், பாடசாலையை இடித்தார்கள். கால்வாய்க்குள் இருந்ததோ அப்படியே கிடக்கிறது. கிளறினால் இன்னும் பரவும் என்ற பயம். மேலே களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடி, சுற்றிவர வேலி அடித்து, ஓரமாக வடிகால் பதித்தார்கள். அதில் ஊறிவரும் நீரைப் பம்பி இழுத்து, கரியால் வடிகட்டிய பிறகுதான் வெளியே விடுகிறார்கள். 2004இல் பட்டியலிலிருந்து அந்த இடத்தின் பெயரை எடுத்த பிறகும் பம்பிகள் ஓய்ந்தபாடில்லை.

நம் ஊரில் பாடசாலை, மதரஸா, விளையாட்டு மைதானம் இருக்கும் காணிகளில் முன்பு பற்றரி உடைத்த இடம், சாயம் போட்ட இடம், எண்ணெய் கொட்டிய கராஜ் ஏதும் இருந்ததா? தெரிந்த மூத்தவர்கள் கீழே எழுதுங்கள். பழைய உறுதிகளோ வரைபடங்களோ கைவசம் இருந்தால் படம் பிடித்து அனுப்புங்கள், பத்திரப்படுத்தி வைக்கிறேன்.