சித்தாமூர்த் தீவு

ருஷ்ய தேசத்துக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் ஒரு கட்டுப் படங்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் பரப்பினார். லடோகா என்று ஓர் ஏரி. பேர்தான் ஏரி, பார்த்தால் கரை தெரியாத கடல். அதில் வாலாம் என்று ஒரு தீவு. அந்தத் தீவிலே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் துறவிகளின் பழம்பெரும் மடம் ஒன்று இருக்கிறது. 1939-40 குளிர்காலத்து யுத்தத்தில் துறவிகள் திருவுருவப் படங்களையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, உறைந்த ஏரியைக் கடந்து பின்லாந்தின் உட்பகுதிக்குப் போய்விட்டார்கள். தீவில் மறுபடியும் துறவிகள் குடியேறியது 1989-ல்தான்.

"மடம் ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கிறது, பார்த்தீரா? நம் பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா?" என்று நண்பர் கேட்டார்.

"இல்லை" என்று சற்றும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்னது பிசகு என்று திண்டிவனத்தில் தெரிந்துகொண்டேன்.

திண்டிவனத்துக்கு ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேஷ்டி, வெள்ளை மேல்துண்டு. கையிலே பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சரித்திர நாவல். கையெழுத்து வாங்க வந்திருக்கிறார் என்று எண்ணிப் பேனாவை எடுத்தேன். அவரோ கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். 'அத்துடன் தமிழ்நாட்டில் சமணம் மறைந்தது' என்று அங்கே எழுதியிருந்தேன்.

"நாங்க மறைஞ்சுபோனது எங்களுக்கே தெரியாதுங்க ஐயா" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

அவர் ஒரு நயினார். தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலே உழுது பயிரிட்டு வாழும் ஜைனர்களுக்கு அந்தப் பட்டம் வழங்குகிறது. "நாளைக்கு மேல்சித்தாமூருக்கு வாங்க. எங்க மடத்தைப் பாருங்க" என்றார். மறுக்க எனக்கு முகம் ஏது?

மறுநாள் காலையில் முதலில் செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றுக்கு அழைத்துப் போனார். பெரும் பாறை ஒன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு கல்லில் வட்டெழுத்துச் சாசனம் இருக்கிறது. எழுத்தின் அமைப்பைக் கொண்டு சுமார் 6-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம் என்று அது சொல்கிறது. அரசன் பெயர் இல்லை, போர் இல்லை, புகழ்ச்சி இல்லை. ஐம்பத்தேழு நாள் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. வெயில் ஏறிய அந்தப் பாறையில் நின்றுகொண்டு, அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தவர் யாரோ என்று நினைத்துப் பார்த்தேன்.

பிற்பகலில் சித்தாமூருக்குப் புறப்பட்டோம். திண்டிவனத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் பெரிய சாலையை விட்டுத் திரும்பிவிட்டால், வேர்க்கடலைக் கொல்லையும் பனைமரமும் நெல் வயலுமாக வேறு உலகம். சற்றுத் தூரத்தில் ராஜகோபுரம் ஒன்று தெரிந்தது. சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ என்று எண்ணுவீர்கள்; நானும் அப்படித்தான் எண்ணினேன். அது பார்சுவநாதர் கோயில்! பக்கத்திலே மலைநாதர் கோயில். அங்கே ஒரே பாறையில் ஆதிநாதர், பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி, அம்பிகா யக்ஷி எல்லோரையும் வடித்திருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு வேலை.

மடத்துக்கு ஜினகாஞ்சி மடம் என்று பெயர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றமே பழைய ஜினகாஞ்சி. அங்கிருந்த பீடம் பிற்காலத்தில் இங்கே வந்ததாகச் சொல்கிறார்கள். பீடாதிபதிக்கு லக்ஷ்மீசேன பட்டாரகர் என்பது பரம்பரைப் பட்டம். தமிழ் ஜைனர்கள் அனைவருக்கும் அவரே குரு.

திண்ணையில் உட்கார்ந்து பெரியவர் ஒரு கதை சொன்னார். அது 1906-ல் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லா கெஜட்டியரிலும் ஏறியிருக்கும் கதை.

1478-ஆம் ஆண்டு வாக்கில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன், உயர்ந்த குலத்தார் ஒவ்வொருவரிடமும் பெண் கேட்டானாம். ஜைனர்களிடமும் கேட்டான். அவர்கள் சம்மதிப்பதுபோல் நாள் குறித்தார்கள். அவன் மணக்கோலத்தில் வந்தபோது வீட்டில் ஆள் அரவமே இல்லை. பந்தலில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது. அவமானப்பட்டவன், ஜைனர் தலைகளையெல்லாம் வெட்டும்படி உத்தரவிட்டான். பலர் மாண்டார்கள், சிலர் ஓடினார்கள், பலர் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சைவரானார்கள். 'நீறுபூசி வேளாளர்' என்ற பெயர் அப்படி வந்தது என்கிறார்கள்.

அந்த நாளில் திண்டிவனத்துக்கு அருகே வேலூர் என்ற கிராமத்தில் ஒருவர், மாலைப் பொழுதில் குளத்திலே இறங்கி ரகசியமாக ஜைன முறைப்படி நியமம் செய்துகொண்டிருந்தார். சேவகர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே வேளையில் நாயக்கனுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவரை விட்டுவிட்டான். தப்பியவர் நேரே சிரவணபெளகொளாவுக்குப் போனார், கற்றார், துறவு பூண்டு வீரசேனாசாரியர் ஆனார். இதற்கிடையில் தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் என்பவர் உடையார்பாளையம் ஜமீனில் அடைக்கலம் புகுந்திருந்தார். காலம் சற்று மாறியதும் அவரே சிரவணபெளகொளாவுக்குச் சென்று, வீரசேனரை அழைத்துவந்தார். நீறு பூசியவர்களில் பலர் மறுபடியும் பூணூல் தரித்து ஜைனர் ஆனார்கள். காங்கேய உடையாரின் வம்சத்தாருக்கு ஜைனர் சபையில் முதல் தாம்பூலம் கொடுக்கும் வழக்கம் அதனால் ஏற்பட்டதாம்.

சரித்திரக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டுப் புருவத்தை உயர்த்துவார்கள். செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது 16-ஆம் நூற்றாண்டில்தான், ஆண்டு பொருந்தவில்லை. கதையிலே வரும் நாயும் பந்தலும் கிராமத்தார் கைவரிசையாக இருக்கலாம். ஆனால், ஒரு கூட்டம் தன் மதத்தை மறைத்து வாழ்ந்தது, ஒருவரைத் தேடிப்போய்க் கூட்டிவந்து மறுபடியும் தலைநிமிர்ந்தது என்ற நினைவை அந்த மக்கள் பொய்யாகச் சுமந்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஐயா, சிந்தாமணி உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று பெரியவர் திடீரென்று கேட்டார்.

"உ. வே. சாமிநாதையர் 1887-ல் பதிப்பித்தார்" என்றேன்.

"அவருக்கு அதில் சந்தேகம் வந்தபோது யாரைக் கேட்டார்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். ஐயர் அவர்கள் கும்பகோணத்தில் சந்திரநாத செட்டியார் என்ற ஜைனர் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டதையும், இதே பகுதியைச் சேர்ந்த வீடூர் அப்பாசாமி நயினார் அவருக்கு உதவியதையும் நான் படித்தவனே. சைவக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அச்சில் ஏற்றுவதற்கு முன்பே, ஜைனர் வீடுகளில் சிந்தாமணியை மாதக்கணக்கில் பாராயணம் செய்து வந்திருக்கிறார்கள். மறைந்துபோனவர்கள் செய்கிற காரியமா அது?

"பேச்சு அப்புறம். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடணும், வாங்க" என்று அவசரப்படுத்தினார். சூரியன் மறைந்த பிறகு உண்பதில்லை என்பது அவர்கள் விரதம். இலை போட்டார்கள். துணியில் வடிகட்டிய தண்ணீர் வைத்தார்கள். வெளியே வயல்களின்மேல் வெயில் மஞ்சளாகி, சிவந்து, மங்கிக்கொண்டு வந்தது. கடைசி வெளிச்சத்தில் கடைசிக் கவளத்தை உண்டுவிட்டுக் கை கழுவினேன். திருநாதர் குன்றில் நாள் எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பொழுதைக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

ஊருக்குத் திரும்பியதும் நண்பருக்குக் கடிதம் எழுதினேன்: 'இருக்கிறது. சுற்றிலும் ஏரி இல்லை, நெல் வயல்தான். படகு வேண்டாம், திண்டிவனத்தில் பஸ் ஏறினால் போதும்.'

அடுத்தபடியாகப் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாவலின் அடுத்த பதிப்பில் அந்த வரி இல்லை.