பதிவேட்டில் ஏறாத பெயர்



தோட்டத்தில் விடியுமுன் பிரட்டு நடக்கும். கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் பதியாதவருக்கு அன்று சம்பளம் இல்லை. நம் மூத்தோர் நன்கறிந்த கணக்கு இது. பள்ளிக்கூடத்திலும் இப்படியொரு கணக்கு உண்டு. அது நம் பிள்ளைகளின் படிப்பை எவ்வாறு நிர்ணயித்து வந்திருக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

1923-ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள, ஒரே இனத்துப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால், நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று அது விதித்தது. ஆகவே தோட்டப்பள்ளி எழுந்ததே ஒரு தலைக்கணக்கால்தான். ஒன்பது பேர் இருந்த இடத்தில் கடமையும் இல்லை. பத்துப் பேர் இருந்த இடத்திலும், அவர்கள் என்ன கற்றார்கள் என்று அந்த எண் கேட்கவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர்.

1961-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திலும் ஓர் எண் இருந்தது. 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால், தமிழ் பயிற்றுமொழியாக இல்லாத அரசாங்கப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு நடத்த வழி உண்டு. பெற்றோர் கேட்டால்தான் அந்த எண்ணுக்கு உயிர்.

வந்திருக்கும் பிள்ளைகளை எண்ணினால் போதுமா? பாதியில் நின்ற பிள்ளைகளை யார் எண்ணுவது? முராட் அவர்கள் தலைமையில் நடந்த இடைநிற்றல் ஆய்வு, 1973-இல் அறிக்கையாக வந்தது. வறுமைக்கும் படிப்பு நிற்பதற்கும் உள்ள தொடர்பை அது எடுத்துக் காட்டியது. அதன் பயனாக 1975-இல் பாடநூல் இரவல் திட்டம் பிறந்தது. கணக்குச் சரியான கேள்வியைக் கேட்டபோது, ஏழைப் பிள்ளையின் கைக்குப் புத்தகம் வந்தது.

1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது ஏறத்தாழ 530 உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தன. அப்படி வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று செராஸ். 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. செராசின் ஒரு பகுதி அதனுள் அடங்கியது; மறுபகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில் நின்றது. இருபுறமும் செராஸ்தான், ஆனால் கல்வி இலாகா வேறு வேறு. வாடகை வீடு மாறி எல்லையைத் தாண்டும் குடும்பத்தின் பிள்ளை, ஒரு பட்டியலிலிருந்து இறங்கி மறுபட்டியலில் ஏற வேண்டும். இடையில் விடுபட்டால், அப்பிள்ளைக்கு இரு பக்கத்திலும் இடமில்லை.

இன்று அப்பட்டியல் கணினியில் இருக்கிறது. பெயர், பிறப்புப் பத்திர எண், முகவரி, குடும்ப வருமானம், வருகை எல்லாம் அதில் ஏறுகின்றன. உதவிக்குரிய பிள்ளை யார், எப்பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதெல்லாம் அதைக் கொண்டே பார்க்கப்படுகின்றன. ஆனால் நாம் சொல்லாததைக் கணினி அறியாது.

2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். தாய் தந்தையரில் ஒருவராவது மலேசியக் குடிமக்களாக இருந்தால், பத்திரம் கைக்கு வராத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க 2019 முதல் வழி திறந்திருக்கிறது. ஆகவே பத்திரம் இல்லையென்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வீடு மாறினால் பள்ளி மாற்றத்திற்கு உடனே மனுச் செய்வோம். வருமானம் குறைந்தால் தலைமையாசிரியரிடம் கூசாமல் சொல்வோம். பிரட்டில் நம் பெயர் விடுபட்டால் ஒருநாள் கூலி போகும். பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் விடுபட்டாலோ, போவது ஒருநாள் கூலியன்று.