உப்புத்தாள் தூசி

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்விட்டு வந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாமி படம் மாட்டலாம் என்று ஆணி அடித்தால், வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி சொருகிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது என்பார்கள். தட்டினால் காலிப் பெட்டிச் சத்தம். ‘இதெல்லாம் ஒரு சுவரா?’ என்று அலுத்துக்கொள்வார்கள்.

சுவர்தான். டிரைவால் என்று பெயர். இரண்டு கெட்டித் தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்துச் செய்த பலகை. மரச் சட்டங்கள்மீது வைத்து ஸ்க்ரூவால் முடுக்கினால் தீர்ந்தது வேலை. பார்க்க அற்பமாக இருக்கும் இந்தப் பலகைக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் கொஞ்சம் விஷமும் இருக்கிறது.

முன்பெல்லாம் அங்கே உள்சுவர் எழுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. மெல்லிய ரீப்பர்களை நெருக்கி நெருக்கி அடித்து, அதன்மேல் கொத்தனார் மூன்று முறை பூச்சுப் பூச வேண்டும். ஒன்று காய்ந்தால்தான் அடுத்தது. எல்லாம் காய்ந்து பெயிண்டர் உள்ளே வருவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும்.

1894ல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் ஒரு பேடண்ட் வாங்கினார். தாள்களுக்கு நடுவே ஜிப்சக் கலவையை வைத்து ஒட்டிய பலகை. ஆரம்பத்தில் இது ரீப்பருக்குத்தான் மாற்று. மேலே பூச்சு உண்டு. 1909ல் யு.எஸ். ஜிப்சம் என்கிற கம்பெனி சாக்கெட்டின் கம்பெனியையே வாங்கிப்போட்டது. 1917ல் ‘ஷீட்ராக்’ என்று பெயர் சூட்டி, ‘பூச்சே வேண்டாம்’ என்று விற்க ஆரம்பித்தது.

ஜனங்கள் லேசில் மசியவில்லை. மட்டமான சரக்கு என்று ஒதுக்கினார்கள். அவர்கள் மனத்தை மாற்றியது இரண்டாம் உலகப் போர். ஆள் தட்டுப்பாடு. ராணுவத்துக்கோ அவசர அவசரமாகக் கட்டடங்கள் வேண்டும். யார் வாரக்கணக்கில் காத்திருப்பது? போர் முடிந்ததும் லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு கேட்டு வந்தார்கள். நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில், 1947 முதல் 1951 வரை, லெவிட் கம்பெனி 17,000 வீடுகளுக்குமேல் கட்டித் தள்ளியது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 30 வீடு! பூச்சு காயக் காத்திருந்தால் நடக்கிற காரியமா? எல்லாம் டிரைவால்தான்.

கொத்தனார் போனார். அவர் வேலை போகவில்லை. அது வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

எப்படி என்கிறீர்களா? பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். ஸ்க்ரூ தலைகள் குழிகுழியாகத் தெரியும். இடுக்கில் பட்டி பூசி, அதன்மேல் தாள் டேப்பை வைத்து அழுத்தி, மறுபடி பட்டி பூச வேண்டும். அநேகமாக மூன்று கோட்டிங். ஒவ்வொன்றும் காய்ந்தபிறகு உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்துவிட்டுப் பிரைமர். அதை விட்டுவிட்டு நேராக பெயிண்ட் அடித்தால், தாள் ஒரு மாதிரி உறிஞ்சும், பட்டி வேறு மாதிரி உறிஞ்சும். ஜோடித்த இடமெல்லாம் கோடுகோடாகப் பல்லிளிக்கும்.

பொறுமை இருந்தால் யாரும் செய்யக்கூடிய வேலைதான். அதற்குத் தோதாக 1941ல் ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனி ‘கெம்டோன்’ என்ற பெயிண்ட்டைக் கொண்டுவந்தது. தண்ணீரில் கலக்கலாம், சீக்கிரம் காயும், டர்பன்டைன் நாற்றம் கிடையாது. கனடாவின் டொரண்டோவில் நார்மன் பிரேக்கி என்பவர் அதற்குச் சற்று முன்னால்தான் ரோலரைக் கண்டுபிடித்திருந்தார். அப்புறம் என்ன? சனி, ஞாயிறு வந்தால் அப்பா தேய்ப்பார், அம்மா ரோலர் உருட்டுவார், குழந்தைகள் தூசியில் விளையாடும்.

அந்தத் தூசியில்தான் விஷயம் இருக்கிறது.

பட்டி காயும்போது சுருங்கும், விரிசல் விடும். அதைத் தடுக்க அதில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சேர்த்தார்கள். ஆமாம், நாம் கூரை ஷீட்டாகப் பார்க்கிறோமே, அதேதான். ஷீட்டில் அது சிமெண்ட்டோடு இறுகிக் கிடக்கும். பட்டியிலோ, உப்புத்தாள் பட்ட மாத்திரத்தில் காற்றில் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோயாக வெளியே தெரிய 20, 30, ஏன் 40 வருஷம்கூட ஆகலாம்.

நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் இர்விங் செலிகாஃப், ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்குப் புற்றுநோய் வருவதை 1964லேயே எடுத்துச் சொன்னவர். அவரும் சகாக்களும் கடையில் விற்ற பட்டி வகைகளை வாங்கிப் பரிசோதித்து, 1975ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கலக்கும்போதும் தேய்க்கும்போதும், ஏன், பெருக்கும்போதும்கூட ஆபத்தான அளவுக்கு இழைகள் பறந்தன. 1977ல் அமெரிக்க அரசு இத்தகைய பட்டிக்குத் தடை போட்டது.

தடை வந்ததே தவிர, உள்ளே போன தூசி வெளியே வரவில்லை. வழக்குகள் குவிந்தன. 2001ல் யு.எஸ். ஜிப்சம், அதன் தாய்க் கம்பெனியோடு சேர்ந்து திவால் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடி ஓடியது. ஆஸ்பெஸ்டாஸால் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சுமார் 400 கோடி டாலருக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் 2006ல் மீண்டது.

கணக்கு அங்கே முடிந்ததா? யோசித்துப் பாருங்கள். தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. எங்கே, எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று காட்டக் காகிதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுச் சுவரைத் தானே தேய்த்த மனிதருக்கு என்ன இருந்தது? 30 வருஷம் கழித்து இருமல் வரும்போது, அன்றைக்கு வாங்கிய பட்டி எந்தக் கம்பெனியுடையது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கொத்தனார் கூலியை மிச்சம் பிடித்தவர், அவருடைய ஆபத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். ரசீது மட்டும் இல்லை.

இப்போது அங்கே விற்கிற பட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் கிடையாது. ஆனாலும் தூசி தூசிதான். மாஸ்க் போடாமல் தேய்க்கக் கூடாது. பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. உங்கள் பிள்ளை போனில், ‘பழைய வீடு ஒண்ணு சல்லிசா வருதுப்பா, நானே பெயிண்ட் அடிச்சுக்கப் போறேன்’ என்று சொன்னால், கலர் என்ன என்று அப்புறம் கேட்கலாம். எந்த வருஷம் கட்டியது என்று முதலில் கேளுங்கள். 1980க்கு முந்தையது என்றால், பரிசோதிக்காமல் உப்புத்தாளைத் தொடாதே என்று சொல்லிவிடுங்கள்.